பதினான்கு மாதத் தண்ணீர்

சலவைக் கூடத்தில் மடிப்பக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஓட்டல்களிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகள், துவைத்துப் பிழிந்த பிறகு, சூடான உருளைகளுக்கு நடுவே நுழைந்து மறுபக்கம் மொடமொடவென்று வந்து விழும். அவற்றை வாங்கி மடிப்பது அவள் வேலை. எதிரே ஒருத்தி மறுமுனையைப் பிடித்துக்கொள்ள, இருவரும் இரண்டடி முன்னால் வருவார்கள், பின்னால் போவார்கள், மறுபடி முன்னால் வருவார்கள். இருபத்திரண்டு வருடமாக இதே நடைதான். அவள் மடித்த விரிப்பில் ஓரத்தோடு ஓரம் மயிரிழை பிசகாது. புதிதாக வந்த மேற்பார்வையாளர் ஒருவர் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிட்டு, ஸ்கேலை மேசைக்குள் வைத்துப் பூட்டினார் என்று அங்கே ஒரு கதை உண்டு. நிஜமா கட்டுக்கதையா என்று அவளுக்கே ஞாபகமில்லை.

வீட்டில் அவள் கணவர் அந்தப் பெயரை இன்னும் கொஞ்சம் நீட்டினார். "உங்கம்மாவுக்குக் கோபம் வந்தா கத்த மாட்டா. நாலா மடிச்சு அலமாரியில வெச்சுடுவா. என்னிக்கு எடுத்து உதறுவான்னு நமக்குத் தெரியாது" என்று மகளிடம் சொல்வார்.

அவர் பிளம்பர். சுற்றுவட்டாரத்தில் பத்துத் தெருவுக்கு அவர்தான். சுவரில் காதை வைத்துக் கேட்டே எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவார். அவர் வீட்டுச் சமையலறைக் குழாய் மட்டும் பதினோரு வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கேட்டால், "அது சொட்டறது நின்னா எனக்குத் தூக்கம் வராது" என்பார்.

ரத்த அழுத்தம் இருந்தது அவருக்குத் தெரியும். மாத்திரையை நினைத்தால் போடுவார், மறந்தால் விட்டுவிடுவார். தலை சுற்றினால், "குனிஞ்சு குனிஞ்சு வேலை செய்யறேன்ல" என்பார். நாற்பத்தாறாவது வயதில் ஒருநாள் காலில் செருப்பு நுழையவில்லை. முகமும் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், சுற்றி வளைக்காமல் சொன்னார்: "ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சு. இனிமே மெஷின்தான்."

செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள். காலை ஏழு மணிக்கு ஊசி குத்திப் படுக்க வைத்தால் பதினோரு மணிக்கு எழுப்புவார்கள். அவள் அந்த மூன்று நாளும் மதிய ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டாள். அறைக்கு வெளியே நடைபாதையில் போட்டிருந்த பெஞ்சுகளில் மூன்றாவதில் உட்கார்ந்துகொள்வாள். முதலாவதற்கு ஒரு கால் ஆட்டம். இரண்டாவதின் தலைக்கு மேல் ஏசி ஒழுகும்.

ஊசி வலிகூட அவருக்குப் பழகிவிட்டது. தண்ணீர்தான் பழகவில்லை. உடம்பிலிருந்து நீர் வெளியேற வழியில்லாததால் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் எதுவும் உள்ளே போகக் கூடாது. பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் முக்கால்வாசி தீர்ந்துவிடும். அப்புறம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கல்லூரி விட்டு வரும் மகள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர் குடிப்பாள், அப்பா கண்ணில் படக்கூடாதென்று. அவருக்கு அதுவும் தெரியும். "அந்தக் கதவுக்கு வெளியே கேக்கறது எனக்கு. எத்தனை மடக்குன்னு எண்ணிச் சொல்லட்டுமா" என்றார் ஒருநாள். மகள் அழுதுவிட்டாள்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. ஒருநாள் துணி காயப்போட கொல்லைப்பக்கம் போனவள், அவர் சுவரோடு ஒண்டி நிற்பதைப் பார்த்தாள். ஈரத் துண்டின் முனையை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், திருட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் டாக்டரின் அறைக்குள் போய், "என்னோடது பொருந்துமா, பாருங்க" என்றாள்.

பொருந்தியது. அவர்தான் பொருந்தி வரவில்லை. "முழுசா இருக்கிற ஒரு ஆளையும் ஓட்டை போடணுமா?" என்று முரண்டு பிடித்தார். அவளுடைய அண்ணன் விடிந்ததும் விடியாததுமாக வந்து உட்கார்ந்துகொண்டு, "அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ இருக்கே. உனக்கும் ஒண்ணு ஆச்சுன்னா பொண்ணுக்கு யாரு? எடுத்துக் குடுத்தது திரும்பி வராது, யோசிச்சுக்கோ" என்றார். அண்ணன் சொன்னதில் தப்பில்லை. அவளும் யோசிக்காமலில்லை. யோசித்த பிறகும் அந்த ஈரத் துண்டு கண்ணை விட்டுப் போகவில்லை.

அனுமதி கொடுக்கும் குழு முன்னால் அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார்கள். "யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா?"

"நான்தான் ரெண்டு மாசமா அவரைக் கட்டாயப்படுத்திட்டிருக்கேன்" என்றாள்.

மூவரில் ஒருவர் சிரித்தார். மற்ற இருவரும் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

அறுவை முடிந்து கண் விழித்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "ஓடுதா?" என்பதுதான். நர்ஸ் அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஓடுதும்மா. பையை மாத்தி மாளல" என்றாள். வயிற்றில் அறுத்தார்கள், ஆனால் வலித்தது தோள்பட்டை. அறுக்கும்போது வயிற்றுக்குள் ஏற்றின காற்று மேலே வந்து முட்டுகிறது, நாலு நாளில் போய்விடும் என்றார்கள். அப்படியே போயிற்று.

மூன்றாம் நாள் சக்கர நாற்காலியில் அவளை அவர் இருந்த கண்ணாடி அறைக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினார்கள். உள்ளே போக அனுமதி இல்லை. அவர் தலைமாட்டிலிருந்து ஒரு முழு டம்ளர் தண்ணீரை எடுத்து, அவளுக்குக் காட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அவசரப்படவில்லை. தொண்டைக்குழி ஏறி இறங்குவது கண்ணாடி வழியே தெரிந்தது. குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். பக்கத்து மேசை போனில் கூப்பிட்டு, "ஒரு நாளைக்கு மூணு லிட்டர் குடிக்கலேன்னா திட்டறாங்க இங்க" என்றார். அவ்வளவு நாளும் கண்ணில் ஒரு சொட்டு வராதவள் அன்றைக்கு மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள்.

அது பதினான்கு மாதம் வேலை செய்தது.

புதுக் கிட்னியை உடம்பு ஒதுக்கிவிடாமலிருக்கக் காலை எட்டு, மாலை எட்டு என்று மாத்திரை. போனில் அலாரம் அடிக்கும். ஒரு வேளைகூடத் தப்பவில்லை. முன்பு மாத்திரையை மறந்த மனிதர், இப்போது அலாரம் அடிப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாலாவது மாதத்தில் சின்னச் சின்ன வேலைக்குப் போனார். குழாய் மாற்றுவது, வாஷர் போடுவது, அந்த மாதிரி. ஆறாவது மாதத்தில் என்ன தோன்றியதோ, சொந்த வீட்டுச் சமையலறைச் சுவரைக் குடைந்தார். உள்ளே இருந்த துருப்பிடித்த பழைய இரும்புக் குழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போடப் போகிறாராம். குடைந்தவர் குடைந்தபடி விட்டுவிட்டு வெளிவேலைக்குப் போய்விட்டார். பதினோரு நாள் சுவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. எதைத் திறந்தாலும் சிமென்டுத் தூசி. அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. "அப்பா, துடைப்பம் எங்கேன்னு அம்மா கேக்கறாங்க", "அம்மா, நாளைக்கு முடிச்சுடறேன்னு அப்பா சொல்றாங்க" என்று மகள்தான் நடுவில் நடந்தாள். பன்னிரண்டாம் நாள் முடித்தார். முடித்த கையோடு, பதினோரு வருடமாகச் சொட்டின குழாயையும் மாற்றினார்.

ஒன்பதாவது மாதத்தில் ஒருநாள் மாலை, குளியலறைக் கொடியில் அவருடைய பேன்ட் தொடை வரை நனைந்து, சேறு படிந்து தொங்கியது. அவள் கேட்ட பிறகுதான் சொன்னார். பின்தெருப் பள்ளிக்கூடத்தில் தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின் வால்வு இறுகிப்போய் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. யார் யாரோ வந்து பார்த்துவிட்டுக் கைவிரித்துவிட்டார்கள். இவர் தொட்டிக்குள் இறங்கித் திறந்துவிட்டார். அழுக்குத் தண்ணீர், அடைசலான இடம் எதற்குள்ளும் போகக் கூடாது, கிருமி ஒட்டினால் உங்கள் உடம்பு தாங்காது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மறுநாள் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள். இறங்கிவிட்டது என்று அனுப்பினார்கள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேன்ட்டைத் துவைத்து, காயவைத்து, நாலாக மடித்து வைத்தாள்.

பதினான்காவது மாதம் மறுபடி முகம் வீங்கியது. ரத்தத்தில் கழிவு ஏறிக்கொண்டே போனது. கிட்னிக்குள் ஊசி விட்டுத் துளிச் சதை எடுத்துப் பார்த்தார்கள். மருந்தை மாற்றினார்கள், கூட்டினார்கள். மூன்று வாரம் கழித்து டாக்டர் இருவரையும் உட்கார வைத்து, உடம்பு அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்றார்.

"மாத்திரை எதுவும் விட்டீங்களா?"

"ஒண்ணுகூட விடல."

"நான் தொட்டியில இறங்கினேனே, அதனாலயா?" என்று அவர் கேட்டார்.

டாக்டர் நேர்மையான மனுஷர். "அதனாலதான்னு சொல்ல முடியாது. அதனால இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார். இரண்டு பேர் தலையிலும் அந்த வாக்கியம் ஆளுக்கொரு பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுபடி செவ்வாய், வியாழன், சனி. மறுபடி பாட்டிலில் கோடு. அவளுடைய கிட்னியை எடுக்கத் தேவையில்லை, உள்ளேயே சும்மா இருந்துவிட்டுப் போகும் என்றார்கள். அவர் அவள் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். தட்டை வைத்தால் தட்டைப் பார்ப்பார். பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டே உள்ளே போவார். ஒரு தடவை மட்டும், "உன்னோடதை வீணாக்கிட்டேன்" என்றார். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஏனென்றால், அவளும் மனசின் ஒரு மூலையில் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். நான் உடம்பை அறுத்துக் கொடுத்தேன், நீங்கள் அதைக் கொண்டுபோய்ச் சேற்றில் இறக்கினீர்கள். இப்படி நினைப்பதற்கு அவளுக்கு அவமானமாகவும் இருந்தது.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு விளக்கம் கொண்டுவந்தார்கள். அவருடைய அக்கா எல்லாம் விதி என்றார். பக்கத்து வீட்டம்மா, கடவுள் தாங்குகிறவர்களுக்குத்தான் கொடுப்பார் என்றார். 'தாங்கமாட்டேன்னு முன்னாடியே ஒரு கடுதாசி போட்டிருக்கணும்' என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சலவைக் கூடத்தில் ஒருத்தி, மனசில் கெட்டதே நினைக்கக் கூடாது, நினைப்புதான் நோய் என்று செல்போனில் வீடியோ காட்டினாள். ஆஸ்பத்திரியில் ஆறுதல் சொல்வதற்கென்றே இருந்த பெண், "நீங்க அவருக்கு வாழ்க்கையையே குடுத்தீங்க" என்றாள். எது வாழ்க்கை, அது எங்கே போச்சு என்று திருப்பிக் கேட்டால் பாவம், அந்தப் பெண் என்ன சொல்வாள். அண்ணன் வந்தார். 'நான் அன்னிக்கே சொன்னேனே' என்று அவர் சொல்லவில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வாங்கிவந்த பழத்தை வைத்துவிட்டுப் போனார். எல்லோர் பேச்சையும்விட அவர் பேசாததுதான் அவளை அதிகமாகக் குத்தியது.

ஐந்து மாதம் இப்படி ஓடிய பிறகு ஒரு சனிக்கிழமை தலைமை நர்ஸ் அவளிடம் வந்தார். "ஒருத்தர் வந்திருக்கார். தங்கச்சிக்கு கிட்னி குடுக்கலாமான்னு தவிச்சுட்டிருக்கார். குடுத்தவங்க யாரையாவது பாத்துப் பேசணுங்கறார்."

"நல்லா ஆனவங்க யாரையாவது காட்டுங்க சிஸ்டர். என்கிட்ட வந்தா என்ன கிடைக்கும்?"

"அவங்களை எல்லாம் பாத்துட்டார். நல்லா ஆகாதவங்களையும் பாக்கணுமாம்."

அவள் மாட்டேன் என்றுதான் சொன்னாள். ஆனால் அந்த ஆள் ஏற்கெனவே நடைபாதை முனையில் நின்றுகொண்டிருந்தான். மோட்டார் சைக்கிள் மெக்கானிக். முப்பது வயது இருக்கும். நக இடுக்கிலெல்லாம் கிரீஸ். வந்து பெஞ்சின் ஓரத்தில், அழுக்காகிவிடுமோ என்பது போல, பாதி உடம்பை வெளியே வைத்து உட்கார்ந்தான்.

"வலிக்குமா அக்கா?" என்றான் முதலில்.

வலியைச் சொன்னாள். தோள்பட்டை வலியைச் சொன்னாள். மூன்று மாதம் கனம் தூக்க முடியாமல் உட்கார்ந்து டவல் மடித்ததைச் சொன்னாள். இப்போது ஒன்றும் தெரியவில்லை, வருடத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்க்கிறார்கள் என்றாள்.

"அது ஏன் நின்னு போச்சு?"

டாக்டர் சொன்னதைச் சொன்னாள். சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். முன்பின் தெரியாத ஆள், மறுபடி பார்க்கப் போவதில்லை. அதனாலோ என்னவோ வாய் தானாகத் திறந்துகொண்டது. தொட்டியைப் பற்றிச் சொன்னாள். "எனக்குக் கோபம் தம்பி. இன்னும் இருக்கு. அவர் மூஞ்சிய பாத்தா பாவமா இருக்கு, திரும்பினா கோபம் வருது. இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. குடுத்துட்டா அப்புறம் அது நம்மளோடது இல்லன்னு சொல்றாங்க. அப்படி இருக்க முடியல. அவர் படி ஏறினா எனக்கு மூச்சு வாங்குது. அவர் வெயில்ல போனா எனக்குத் தலை காயுது. குடுக்கறதா இருந்தா இதையும் தெரிஞ்சுக்கிட்டுக் குடு."

அவன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். "அந்தப் பதினாலு மாசம் எப்படி இருந்துச்சு?"

அவள் வாயைத் திறந்தாள். பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஞாபகத்தில் வந்தது சுவர்தான். குழாய்க்காகக் குடைந்த சுவர், பதினோரு நாள் தூசி, பேசாமலிருந்த இரண்டு நாள். அதை விலாவாரியாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே ஒன்று புலப்பட்டது. "அந்த ரெண்டு நாளும் எங்க வீட்டுல வியாதிங்கற பேச்சே இல்ல தம்பி. மத்த வீட்டுல புருஷன் பொண்டாட்டி எதுக்குச் சண்டை போடுவாங்களோ அதுக்குச் சண்டை போட்டோம். அவர் தண்ணி குடிச்சதை நான் கவனிக்கவே இல்ல. கவனிக்கத் தோணல." முந்தானை முனையை விரலால் மடித்துவிட்டாள். "அதுக்கு மேல எதுவும் எனக்கு ஞாபகம் வரல."

"மறுபடி ஒண்ணு இருந்தா குடுப்பீங்களா?"

"குடுப்பேன்னு நினைக்கிறேன். ஆனா தொட்டிக்குள்ள இறங்க மாட்டேன்னு எழுதி வாங்கிட்டுத்தான்."

அவன் சிரித்தான். பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டது போல வாயைத் துடைத்துக்கொண்டான். நான் கொடுக்கலாமா வேண்டாமா என்று கேட்டான். அதை மட்டும் சொல்ல முடியாது என்றாள். அவன் இரண்டு வாரம் கழித்து, என்னால் முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அவன் மனைவி மாசமாக இருந்தாள். அதைச் சொல்வதற்காகவே அவன் ஒரு சனிக்கிழமை வந்து அவள் முன்னால் நின்றான், திட்டு வாங்க வந்தவன் மாதிரி. "இதுல தப்பு ஒண்ணுமில்ல. தங்கச்சிகூட ஆஸ்பத்திரிக்கு வந்து போயிட்டு இரு. அதுக்கும் ஆள் வேணும்" என்று அவன் முதுகைத் தட்டி அனுப்பினாள்.

ஆனால் அவன் முதலில் வந்துபோன அந்தச் சனிக்கிழமையே வேறொன்று நடந்தது. அன்றைக்கு உள்ளே ஏசி பழுது. காற்று வரட்டும் என்று கதவுக்கு ஸ்டூல் முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். கதவையொட்டிய கட்டில் அவருடையது. பதினோரு மணிக்கு ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தவர், சுவரைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எழுதிக் குடுத்திருந்தாலும் இறங்கியிருப்பேன்" என்றார்.

அவளுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"தெரியும்" என்றாள்.

"கோபம்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்க ஏற்கெனவே தலையைத் தொங்கப் போட்டுட்டிருந்தீங்க. மேல ஏத்தி வைக்கணுமா?"

"நீ சொல்லாததுதான் கனமா இருந்துச்சு." பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்திக்கொண்டார். "ஒண்ணு சொல்றேன், கேளு. ரெண்டு வருஷம் எல்லாரும் என்னை பேஷன்ட்னாங்க. நம்ம தெருவுலகூட 'அந்த உடம்பு சரியில்லாதவரு வீடு'ன்னுதான் அடையாளம் சொன்னாங்க. அன்னிக்கு அந்த ஸ்கூல் கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் வாட்ச்மேன் உள்ள பாத்து, 'பிளம்பர் வந்துட்டார்'னு கத்தினான். அவ்வளவுதான். அப்புறம் என் கால் தானா இறங்கிடுச்சு. வால்வு திறந்ததும் மேல பைப்புல காத்து தள்ளிட்டுத் தண்ணி ஏறிச்சு பாரு, அந்தச் சத்தம். பிள்ளைங்க எல்லாம் ஓடி வந்துச்சு." அவள் முகத்தை நேராகப் பார்த்தார். "உன்னோடதுன்னு நினைப்பு இல்லாம இறங்கல. நினைப்போடதான் இறங்கினேன். படுத்துட்டே இருக்கறதுக்கா நீ குடுத்தே?"

அவள் அவர் கையிலிருந்த பஞ்சை வாங்கி, தானே அழுத்திப் பிடித்தாள். ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்திருந்த இடத்தில் ரத்தம் ஓடும் அதிர்வு விரலுக்கடியில் விர்ரென்றது. கோபம் அன்றோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அதற்கப்புறம் அது மடித்து வைக்கப்படவில்லை. நினைத்தபோது எடுத்துப் பேசினார்கள். சில நாள் அவள் கத்தக்கூடச் செய்தாள். மகள் ஆச்சரியப்பட்டாள்.

அதன் பிறகு தலைமை நர்ஸ் மாதத்துக்கு ஒருவரையோ இருவரையோ அனுப்புவார். மகனுக்குக் கொடுக்க வந்த அப்பா, நாத்தனாருக்குக் கொடுக்கச் சொல்லி வீட்டில் நெருக்கினதால் ஓடிவந்த ஒரு பெண். அந்தப் பெண்ணை நேரே டாக்டரிடம் கூட்டிப்போய், 'எனக்கு விருப்பமில்லை' என்று சொல்லவைத்தாள். கொடு என்றோ கொடுக்காதே என்றோ அவள் யாரிடமும் சொன்னதில்லை. நடந்ததைச் சொல்வாள். ஆளுக்குத் தக்கபடி ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்ல மாட்டாள். எல்லாவற்றையும் சொல்வாள். அதற்கப்புறம் திறந்தே கிடந்த கதவு வழியே உள்ளேயிருந்து அவர், "அதை விட்டுட்டியே" என்று குரல் கொடுப்பார். இதனால் அவளுக்கு உடம்பின் நஷ்டம் ஈடாகிவிட்டதா என்றால், இல்லை. சனிக்கிழமை காலையில் எழுந்திருக்கும்போது கால் தரையில் ஊன்றியது. அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது.

பத்து மாதம் அப்படிப் போயிற்று. சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் இதயத்துக்குப் பாரம் அதிகம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை மூன்று மணிக்கு, விரிப்பு பாதி வெளியே வந்திருக்கும்போதே உருளை நின்றுவிட்டது. ஷிஃப்டு நடுவில் அதை யாரும் நிறுத்தமாட்டார்கள். நிமிர்ந்து பார்த்தாள். சுவிட்சில் கை வைத்தபடி மேற்பார்வையாளர் நின்றுகொண்டிருந்தார். எதிரே நின்றவள் துணியைக் கீழே வைத்தாள். மடிப்பக்கா மட்டும் கையிலிருந்த முனையை விடாமல், "வீட்டுல இருந்தா போன்?" என்று கேட்டாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். பக்கத்து வீட்டம்மா பார்த்திருக்கிறார். பாட்டிலில் அன்றைய அளவில் இன்னும் தண்ணீர் மிச்சமிருந்தது.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு மகள்தான் சொன்னாள். "அம்மா, உன்னோடதும் அப்பாகூடவே போச்சு." ஆமாம் என்பது போல அவள் தலையை ஆட்டினாள். அதை அதற்கு முன் அவள் நினைத்துப் பார்க்கவில்லை. மகள் தூங்கும் வரை அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து வேலைக்குப் போனாள். கை பாட்டுக்கு மடித்தது. செவ்வாய், வியாழன், சனிதான் தாங்கவில்லை. ஐந்து மணிக்கே உடம்பு எழுந்து, போர்வையும் செருப்பும் மருந்துச் சீட்டும் வைக்கும் பையைத் தேடும். மூன்று மாதம் அந்தக் கட்டடத்துப் பக்கமே அவள் போகவில்லை. பஸ் அந்த வழியாகப் போனால் மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்வாள்.

தலைமை நர்ஸ் போன் செய்தார். "ஒரு அம்மா வந்திருக்காங்க. வர முடியலேன்னா பரவாயில்ல, தப்பா நினைக்க மாட்டேன்."

போனாள். ஏன் போனாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கதவையொட்டிய கட்டிலில் யாரோ ஒரு வயசுப் பையன் படுத்திருந்தான். அவள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். அவன் அம்மாதான் வந்திருந்தவர். அறுபது வயதுக்குப் பக்கம். பையன் அம்மாவிடமிருந்து வாங்கமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாம்.

"உங்க வீட்டுக்காரர் இப்ப எப்படி இருக்கார்?" என்று அந்த அம்மா பேச்சை ஆரம்பித்தார். நர்ஸ் சொல்லியிருக்கவில்லை.

"போயிட்டாருங்க. மூணு மாசம் ஆச்சு."

அந்த அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, தெரியாமக் கேட்டுட்டேன். நான் கிளம்பறேன். நீங்க இருக்கற நிலைமையில..." என்று எழுந்தார்.

அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பேச வாயெடுத்தவள் அழுதுவிட்டாள். அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். உள்ளே மெஷின் ஒன்று கீச்கீச்சென்று அடித்து ஓய்ந்தது.

"வலிக்குமான்னு கேளுங்க" என்றாள் கடைசியில், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எல்லாரும் முதல்ல அதைத்தான் கேப்பாங்க."

"வலிக்குமா?"

சொல்ல ஆரம்பித்தாள். பதினோரு மணிக்குப் பையன் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தபோது பாதிகூட முடிந்திருக்கவில்லை. மீதியை அடுத்த சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று அந்த அம்மா மகனைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். மதிய ஷிஃப்டுக்கு நேரமாகியிருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நாலு நிறுத்தம் வரைக்கும் அழுதுகொண்டே போனாள். ஐந்தாவதில் இறங்க வேண்டியிருந்தது.